நேர்முகப் பரீட்சையில் ஒரு கடைக் கணக்கு

ஆலோசனைக் கம்பனியொன்றில் ஆரம்பநிலை ஆய்வாளர் வேலைக்கு எனது மகன் நேர்முகப் பரீட்சைக்குச் சென்று வந்தார். "ஒரு கடையில் விற்பனை கூடியும் இலாபம் குறைந்துவிட்டது. காரணம் என்ன?" என்று கேட்டார்களாம். மகன் பாடப் புத்தகத்தில் உள்ளதை ஒப்புவித்திருக்கிறார். வேலை கிடைக்கவில்லை.

1926 இல் ஆரம்பமான மெக்கின்சி, 1963 இல் ஆரம்பமான பொஸ்டன் கன்சல்டிங் குரூப் போன்ற பெரும் நிறுவனங்களிலும் இதே முறைதான். விடையை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. வரவையும் செலவையும் வேறாக்கி, தெரியாததைக் கேட்டறிந்து, படிப்படியாக முடிவுக்கு வருகிறாரா என்றே பார்க்கிறார்கள்.

100 ரூபா சாமானை 120 ரூபாவுக்கு 50 விற்றால் இலாபம் 1,000 ரூபா. விலைக்கழிவு கொடுத்து 110 ரூபாவுக்கு 80 விற்றால் 800 ரூபாதான். கொள்விலை ஏறியதா, வாடகை கூடியதா, கடன் கூடிவிட்டதா? கடையடைக்கும் நேரம் நாம் தினமும் போடும் கணக்கல்லவா இது!

"நீங்க படிங்க மகன், கடைப்பக்கம் வர வேணாம்" என்று தடுத்தவன் நானேதான். வியாபாரச் சகோதரர்களே, பிள்ளைகள் படிக்கட்டும். மாதத்தில் ஒரு நாளாவது கணக்குப் புத்தகத்தையும் அவர்கள் முன் விரித்து வையுங்கள்.