கன்வெர்ட்டர் மேல் பழி போடும் முன்

பறவைப் படம் எடுப்பவர்களிடம் டெலிகன்வெர்ட்டர் பற்றிக் கேளுங்கள். சிலர், "வாங்காதீங்க, படம் மங்கலா வரும்" என்பார்கள். சிலர் அதைக் கழற்றுவதே கிடையாது. இரு தரப்பும் சொல்வது உண்மைதான். அவரவர் லென்ஸ் வேறு.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் குட்டிக் குழல் இது. லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை உள்ளிருக்கும் கண்ணாடிகள் பெரிதாக்கி சென்சார் முழுக்க நிரப்பும். லென்ஸ் காட்டாத எதையும் இதனால் காட்ட முடியாது. இறகின் இழை பிம்பத்தில் இருந்தால் இழை பெரிதாகும். ஓரத்தில் ஊதாப் பிசிறு இருந்தால் அதுவும் கூடவே பெரிதாகும். வெளிச்சமும் பரவிப்போவதால் 1.4 மடங்கு கன்வெர்ட்டருக்கு ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்), 2 மடங்குக்கு இரண்டு ஸ்டாப் நஷ்டம்.

கேனான் இஎஃப் 300 மிமீ எஃப்/2.8 இரண்டாம் பதிப்பின் எடை 2.35 கிலோ. 325 கிராம் எடையுள்ள 2 மடங்கு கன்வெர்ட்டரை மாட்டினால் அது 600 மிமீ எஃப்/5.6 ஆகிவிடும். அசல் 600 மிமீ எஃப்/4 இரண்டாம் பதிப்போ 3.92 கிலோ. கூர்மையில் அசலுக்குத்தான் வெற்றி. எஃப்/8-க்குக் குறைத்தால் வித்தியாசம் சுருங்கும். ஆனால் விடியற்காலை வெளிச்சத்தில் அந்த ஒரு ஸ்டாப்பை யார் தருவார்? தட்டான், பட்டாம்பூச்சி என்று வந்தால் கதை மாறும். அசல் 600-க்குக் குறைந்தது 4.5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 300-க்கு 2 மீட்டர் போதும். கன்வெர்ட்டர் மாட்டினாலும் அந்தத் தூரம் மாறாது.

விலை குறைந்த ஜூம் லென்ஸில் 2 மடங்கு மாட்டுவது, என் கணக்கில், வீண் செலவு. எஃப்/6.3 இருந்த இடத்தில் எஃப்/13 வந்து நிற்கும். பழைய கேமராக்கள் ஃபோகஸ் பிடிக்காமல் தடுமாறும். அதற்குப் பதில் படத்தை க்ராப் செய்துகொள்ளலாம்.

சோதித்துப் பார்க்க விரும்பினால் ட்ரைபாட், டைமர், ஒரு செய்தித்தாள் போதும். கையில் பிடித்து எடுக்காதீர்கள். பிம்பத்தோடு நடுக்கமும் இரட்டிப்பாகும். கன்வெர்ட்டர் மாட்டி ஒன்று, மாட்டாமல் ஒன்று எடுத்து, மாட்டாத படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கிய பிறகு எழுத்துகளை ஒப்பிட வேண்டும். பலரும் இரண்டையும் 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கன்வெர்ட்டரைக் குறை சொல்கிறார்கள். சோதனையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் ஏறித் தரை சூடானால் கானல் அலை எழும்பும். பல லட்ச ரூபாய் லென்ஸிலும் எழுத்து நெளியும்.