சின்னக் குழந்தைகளோடு ஒருநாள் மனோரா: பேராவூரணியிலிருந்து எப்படி ப்ளான் பண்ணலாம்?

சென்னை, பெங்களூரு, திருப்பூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போனவர்கள் பேராவூரணிக்குத் திரும்புவது வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான். கிடைக்கிற நாலு நாள் லீவில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, நீலகண்டப் பிள்ளையார் கோயில், சொந்தக்காரர் வீடு என்று மூணு நாள் ஓடிவிடும். மிச்சம் இருக்கிற அந்த ஒரு நாளில்தான் பிள்ளைகள் கேட்கும்: "எங்கேயாச்சும் கூட்டிட்டுப் போங்கப்பா."

உடனே எல்லோருக்கும் தோன்றுவது தஞ்சாவூர். போக வர 140 கி.மீ. சுற்றி ஆகும். மூணு வயசுக் குழந்தை, முட்டிவலி உள்ள அப்பத்தா இரண்டு பேரையும் ஒரே வண்டியில் வைத்துக்கொண்டு அந்தத் தூரம் போனால், பாதி நாள் ரோட்டிலேயே முடிந்துவிடும். அரை மணி நேரத் தூரத்தில் கோட்டையும் கடலும் சிறுவர் பூங்காவும் சேர்ந்தே இருக்கிற இடம் மனோரா. ஆனால் அங்கேயும் ப்ளான் இல்லாமல் உச்சி வெயிலில் போய் இறங்கினால், அழுகிற குழந்தையோடு அரை மணி நேரத்தில் திரும்ப வேண்டியதுதான்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

மனோராவில் என்ன இருக்கிறது?

சேதுபாவாசத்திரத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரிகிற சின்ன ரோட்டின் முடிவில் இருக்கிறது இந்த எட்டு மாடிக் கோபுரம். ஊரின் பெயர் சரபேந்திரராஜன்பட்டினம். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. 'மினார்' என்ற சொல்தான் மருவி 'மனோரா' ஆனது என்கிறார்கள். அறுகோண வடிவம், சுற்றிலும் மதில், அகழி.

வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதற்காகக் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். அங்குள்ள கல்வெட்டு பதிந்திருக்கும் ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூன் 18-ல்தான். 1814 ஏப்ரலில் நெப்போலியன் முதல் தடவை பதவி இழந்தாரே, அந்த வீழ்ச்சியோடுதான் கல்வெட்டின் ஆண்டு பொருந்துகிறது. 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகத்தையே கம்பெனியிடம் விட்டுக்கொடுத்த மன்னர், ஐரோப்பாவில் நடந்த ஒரு சண்டைக்கு இந்தக் கடற்கரையில் நினைவுச்சின்னம் எழுப்பினார் என்பது பெரிய பிள்ளைகளுக்கு நல்ல கதை. சின்னப் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டு போதும்: "எத்தனை மாடி? எண்ணு. எத்தனை பக்கம்? ஒரு சுத்து சுத்தி வந்து சொல்லு." பத்து நிமிஷம் தாராளமாகப் போகும்.

கோபுரத்துக்குள் எந்த மாடி வரை விடுகிறார்கள் என்பதை அங்கே கேட்டுக்கொண்டு ஏறுங்கள். விட்டாலும், பழைய காலப் படிகளில் குழந்தையைத் தனியாக ஏற விடக் கூடாது. இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறுவதும் ஆபத்து. இறங்கும்போது கால் வைக்கிற படி கண்ணுக்குத் தெரியாது.

எந்த மாசம், எந்த நேரம்?

ஜனவரி, பிப்ரவரிதான் பெஸ்ட். பொங்கல் லீவு சரியாக இதில் விழுகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பக்கத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதை யாரும் மறக்கவில்லை. அந்த மாசங்களில் வானிலை எச்சரிக்கை இருந்தால் ட்ரிப்பைத் தள்ளிப் போடுங்கள்.

ஏப்ரல், மே லீவில்தான் வர முடியும் என்றால், நேரத்தை மாற்றுவதுதான் வழி. காலை 6.30-லிருந்து 9.30 வரை, அல்லது மாலை 4 மணிக்கு மேல். நடுவில் இருக்கிற வெயில் பெரியவர்களையே சாய்க்கும். குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். "தாகமா இருக்கு" என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது.

ஒரே பைக்கில் நாலு பேர் போகலாமா?

இந்தப் பகுதியில் அன்றாடம் பார்க்கிற காட்சி இது. அப்பா ஓட்ட, டேங்க் மேல் பெரிய பிள்ளை, பின்னால் அம்மா மடியில் கைக்குழந்தை. மோட்டார் வாகனச் சட்டப்படி இரு சக்கர வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். நாலு வயசுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாசம் முதல் 4 வயசு வரையுள்ள குழந்தைகளுக்குத் தனி விதி உண்டு. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதிப்படி, குழந்தையை ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, குழந்தை அளவு ஹெல்மெட் இரண்டும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். மனோரா போக ஈசிஆரில் ஏறித்தான் ஆக வேண்டும். மீன் லாரியும் டூரிஸ்ட் பஸ்ஸும் பறக்கிற ரோடு அது. நாலு பேர் என்றால் ஆட்டோவோ, வேனோ, சொந்தக்காரர் காரோ பேசிக்கொள்வது நல்லது. காரில் போனால் குழந்தையை முன் சீட்டில் மடியில் வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் முதல் அடி குழந்தைக்குத்தான்.

பஸ்ஸில் போகிறவர்கள் சேதுபாவாசத்திரம் வழியாகப் போய், ஈசிஆரில் இறங்கி உள்ளே போக வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அரசு பஸ்ஸில் 5 வயசு வரை குழந்தைகளுக்கும் இல்லை. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் அமைதியாத்தானே இருக்கு, இறங்கலாமா?

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இது பாக் நீரிணைப் பகுதி. ஆழம் குறைவு, மெரினா மாதிரி அலை அடிக்காது. குளம் போலக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்ததும் "பரவால்ல, விளையாடட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் இந்தக் கரையில் வெள்ளை மணல் கிடையாது, சேறுதான் அதிகம். கால் புதையும். குழந்தை தடுமாறி விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது.

நடக்கப் பழகும் குழந்தைக்கு முழங்கால் அளவு தண்ணீரே ஆபத்து. இன்னொன்று, தண்ணீரில் மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்தாது. மூச்சுக்குத் திணறும்போது குரல் வராது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடந்து முடிந்துவிடும்.

அதனால் மூன்று விதிகள்:

* தண்ணீர் அருகில் குழந்தை எப்போதும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கு எட்டுகிற தூரம் போதாது.
* "எல்லோரும் பார்த்துக்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இருபது நிமிஷத்துக்கு ஒருத்தர் என்று டியூட்டி போடுங்கள். டியூட்டியில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது.
* படகில் ஏறுவதாக இருந்தால், குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரியவர்களுடைய ஜாக்கெட் குழந்தைக்கு உதவாது, தண்ணீரில் விழுந்தால் கழன்று வந்துவிடும். இல்லை என்றால் படகு வேண்டாம்.

கரையில் உடைந்த சிப்பி, அறுந்த வலை, ஒதுங்கிய சொறி மீன் எல்லாம் கிடக்கும். காலில் செருப்பு இருக்கட்டும். சொறி பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள். மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தென்னை மரத்தடியில் பாய் விரிக்காதீங்க

தென்னந்தோப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஊரை விட்டுப் போய் பத்து வருஷம் ஆனவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. போட்டோவுக்கு அழகாகத்தான் இருக்கும். காயோ மட்டையோ எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. வேறு மர நிழலிலோ, கட்டிட நிழலிலோ உட்காருங்கள்.

பையில் என்னென்ன?

சாப்பாடு: இட்லியில் பொடி தடவியது, எலுமிச்சை சாதம், புளிசாதம். தயிர்சாதம் என்றால் பால் அதிகமாக ஊற்றிப் பிசைந்து, காலையிலேயே தீர்த்துவிட வேண்டும். வாழைப்பழம் எந்தக் குழந்தைக்கும் ஒத்துப்போகும். இளநீரை இந்த ஊரில் தேடிப் போக வேண்டியதில்லை.

தண்ணீர்: வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் நாளிலும் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

ஓ.ஆர்.எஸ்.: இரண்டு பாக்கெட். பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரிலும், சின்ன பாக்கெட்டை 200 மி.லி. தண்ணீரிலும் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டைக் குத்துமதிப்பாகக் கலக்கக் கூடாது. டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

மற்றவை: இரண்டு செட் மாற்றுத் துணி (சேறு நிச்சயம்), துண்டு, தொப்பி, டயப்பர், சோப்பு, குப்பை போட ஒரு பை, சில்லறைப் பணம். குழந்தையின் சட்டைப் பையில் அப்பா, அம்மா போன் நம்பர் எழுதிய சீட்டு. டாய்லெட் விஷயத்தை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது எல்லோருக்கும் நிம்மதி.

இந்தக் கடலுக்குள் யார் இருக்கிறார்கள்?

மனோராவில் நின்று பார்க்கிற கடல், இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகத்தின் பகுதி. 2022 செப்டம்பர் 21-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு இதற்காக அறிவித்தது. ஆவுளியா என்றும் கூப்பிடப்படும் கடல்பசு மீன் இல்லை, நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற விலங்கு. கடற்புல்தான் சாப்பாடு. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ மேயும். இந்தியா முழுக்கவே சுமார் 240 மட்டும்தான் மிச்சம் இருப்பதாக அரசின் கணிப்பு. வலையில் சிக்கியதைத் திரும்பக் கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத்தொகை கொடுக்கிறது. மனோராவிலேயே சர்வதேச கடல்பசுப் பாதுகாப்பு மையம் அமைக்கும் அறிவிப்பும் வந்திருக்கிறது.

கரையிலிருந்து கடல்பசுவைப் பார்த்துவிட முடியாது. ஆனால் கரை ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லைக் குழந்தையின் கையில் கொடுத்து, "இதைத்தான் அது மேயும்" என்று காட்டலாம். அடுத்த வார்த்தையாக, சிப்ஸ் கவரை ஏன் இங்கே போடக் கூடாது என்று சொன்னால் புரிந்துகொள்ளும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், கப்புகளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடை உண்டு.

ஒரு மாதிரி டைம் டேபிள்

காலை 6.15: சின்னதாக ஏதாவது கொடுத்து, வீட்டிலிருந்து கிளம்பலாம்.
6.45 – 7.30: கோட்டையைச் சுற்றி நடை, கதை, போட்டோ. வெயில் ஏறுவதற்குள் பெரியவர்களும் நடந்துவிடலாம்.
7.30 – 8.15: நிழலில் உட்கார்ந்து டிபன்.
8.15 – 9.15: சிறுவர் பூங்கா. ஊஞ்சல், சறுக்குமரம் உடைந்திருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா, சூடாகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற விடுங்கள்.
9.30: பக்கத்திலேயே மல்லிப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம். இந்தப் பகுதி விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். ஞாயிறு காலை போனால் மீன் இறங்குவதைப் பார்க்கலாம், மதியக் குழம்புக்கும் ஆச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். மீன் குறைவு, ஆனால் வரிசையாக நிற்கிற படகுகளைக் குழந்தைகள் விடாமல் எண்ணுவார்கள். தளத்தின் விளிம்புக்கு மட்டும் போக விடாதீர்கள்.
10.30: வீடு. குளியல், சாப்பாடு, தூக்கம்.

நாலு மணி நேரம்தானா என்று தோன்றலாம். மூணு வயசுக்கு அதுவே முழு நாள். மூணு இடம் சேர்த்தால் மூணிலும் அழுகைதான் மிஞ்சும்.

மழை வந்துவிட்டால்?

அன்றைக்குக் கடலை விட்டுவிடுங்கள். குழந்தைகள் ஆறு, ஏழு வயசுக்கு மேல் என்றால் தஞ்சாவூர் போகலாம். பெரிய கோயிலை ஒட்டியே சிவகங்கைப் பூங்கா, அரண்மனை வளாகத்தில் சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம். மனோராவைக் கட்டிய அதே சரபோஜி வளர்த்தெடுத்த நூலகம் அது. மழை நிற்காவிட்டாலும் உள்ளே பார்க்க விஷயம் இருக்கிறது.

போனில் சேவ் பண்ண வேண்டிய நம்பர்கள்

ஆம்புலன்ஸ் 108. எல்லா அவசரத்துக்கும் 112. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. குழந்தை காணாமல் போனால் 1098-க்கும் சொல்லலாம். பக்கத்தில் பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. கிளம்பும் முன் இந்த நம்பர்களை அப்பத்தா, தாத்தா போனிலும் போட்டுக் கொடுத்துவிடுங்கள். டியூட்டியில் அவர்களும்தான் இருக்கப் போகிறார்கள்.