பாலெம்பாங் வானில் ஒரு மரீன் மேஜர்

எத்தாளை, ஆலங்குடா, நுரைச்சோலை என்று கற்பிட்டிக் குடாநாட்டு ஊர்களில் போரைப் பற்றிப் பேச்செடுத்தால் அது நேரே 1990க்குப் போய்விடும். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஒதுங்கிய கரை இது. ஆனால், இதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இன்னொரு போரின் இரைச்சல் இந்த வானத்தில் கேட்டது. புத்தளம் வாவிக்கு அப்பால், பாலாவிப் பக்கம் இருந்த ஓடுபாதையில் பிரித்தானியக் கடற்படையின் போர் விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

கடற்படைக்குத் தரையில் விமானத்தளம் எதற்கு? 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. எல்லாம் கரையில் நின்றன. பிரித்தானியரின் கிழக்குக் கப்பற்படை ஆபிரிக்கக் கரைக்கே பின்வாங்கியது. 1944 தொடக்கத்தில் அது மீண்டும் திருகோணமலைக்கு வந்தபோது, இலங்கைக் கரையில் அதற்கென்று பல விமானத்தளங்கள் தயாராயிருந்தன. கடற்படை தன் விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர்களை வைப்பது வழக்கம். கட்டுக்குருந்தை உக்குஸ்ஸா ஆனது, கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் பேருண்ட ஆனது, புத்தளம் ரஜாலியா ஆனது. விமானந்தாங்கி துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போது அதன் மேல்தளத்திலிருந்து விமானம் கிளம்ப முடியாது. அதனால் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையுமுன் விமானங்கள் கரைத் தளங்களுக்குப் பறந்துவிடும். பயிற்சியும் பழுதுபார்ப்பும் அங்கேதான்.

ரஜாலியா என்றால் இன்று பலரும் தேடிப் பார்ப்பது ஒரு புகைப்படத்தைத்தான். அதில் கோர்செயார் விமானத்தை யானை ஒன்று நகர்த்துகிறது. அருமையான படம், சந்தேகமில்லை. ஆனால் அந்த விமானத்தில் ஏறிப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அந்தப் படம் சொல்லாது.

கோர்செயார் அமெரிக்கத் தயாரிப்பு. இரண்டாயிரம் குதிரைவலு இயந்திரம், நீண்ட மூக்கு. அந்த மூக்கு வானோடியின் பார்வையை மறைத்ததால் கப்பலில் இறக்குவதற்கு ஆபத்தானது என்று அமெரிக்கக் கடற்படையே முதலில் அதை ஒதுக்கி வைத்திருந்தது. பிரித்தானியக் கப்பல்களின் உட்கூடங்கள் உயரம் குறைந்தவை என்பதால் இறக்கை நுனிகளையும் கொஞ்சம் வெட்டவேண்டி வந்தது. வளைந்து வந்து, மேல்தளத்தைப் பக்கவாட்டில் பார்த்தபடியே இறங்கும் முறையைக் கைக்கொண்டு பிரித்தானியர் அதைக் கப்பலுக்குப் பழக்கினர்.

விக்ரோரியஸ் என்ற விமானந்தாங்கியின் கோர்செயார் அணிகளுக்குத் தலைமை தாங்கியவர் கடற்படை அதிகாரி அல்லர். மேஜர் ரொனால்ட் ஹே, ரோயல் மரீன். மரீன்கள் கப்பலில் செல்லும் காலாட்கள். அவர்களில் சிலரைப் போருக்கு முன்னரே விமானம் ஓட்டப் பழக்கியிருந்தனர். அந்தச் சிறு கூட்டம் செய்தது பெரிது. 1940 ஏப்ரல் 10 அன்று நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில் ஜேர்மனியின் கோனிக்ஸ்பேர்க் என்ற போர்க்கப்பலை ஸ்குவா விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. அதில் ஓர் அணிக்குத் தலைவர் மரீன் கப்டன் பார்ட்ரிஜ். அதே ஆண்டு நவம்பரில் இத்தாலியின் டரண்டோ துறைமுகத்தைத் தாக்கியவர்களிலும் ஒரு மரீன் கப்டன் இருந்தார்.

ஹேயும் நோர்வேயில்தான் தொடங்கினார். 1935இல் மரீன் படையில் சேர்ந்தவர், 1940இல் ஆர்க் ரோயல் கப்பலிலிருந்து ஸ்குவா ஓட்டினார். பிறகு மத்தியதரைக் கடலில், மோல்ட்டாவுக்குச் சென்ற கப்பல் தொடர்களைக் காத்து ஃபுல்மார் ஓட்டினார். போர் முடிந்தபோது தனித்தும் மற்றவர்களோடு சேர்ந்தும் வீழ்த்திய விமானங்களின் கணக்கில், ரோயல் மரீன்களில் ‘ஏஸ்’ எனப் பெயர்பெற்ற ஒரே வானோடி என்று அவரைக் குறிப்பிடுவார்கள்.

ஆனால் அந்தக் கணக்கைவிடப் பெரியதாகத் தெரிவது 1945 ஜனவரியில் அவர் ஏற்ற பொறுப்புத்தான்.

சுமாத்திராவின் பாலெம்பாங்கில் பிளாஜோ, சுங்கை கெரோங் என்று அருகருகே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். ஜப்பானிய விமானங்களுக்கு வேண்டிய பெற்றோலில் பெரும்பங்கு அங்கிருந்து போனது. ஜனவரி 16 அன்று திருகோணமலையிலிருந்து நான்கு விமானந்தாங்கிகள் புறப்பட்டன: இலஸ்ரியஸ், விக்ரோரியஸ், இன்டொமிற்றபிள், இன்டிஃபற்றிகபிள். தளபதி ரியர் அட்மிரல் வியன். நான்கு கப்பல்களின் விமானங்களும் சேர்ந்து, சுமாத்திராவின் மேற்குக் கரையிலிருந்து பாரிசான் மலைத்தொடரைத் தாண்டி, தீவின் மறுபக்கம் போய்த் திரும்பவேண்டும். இவ்வளவு விமானங்களையும் வானத்திலேயே நின்று வழிநடத்த ஒருவர் வேண்டும் என்பதால் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு ஹேயிடம் வந்தது.

வேட்டை விமான வானோடிக்கு இது கடினமான வேலை. எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் பாய்வதற்கே பழக்கப்பட்டவர், பாயாமல் மேலே வட்டமிட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். யார் எங்கே பிந்துகிறார்கள், எந்த இலக்கு எரிகிறது, எது தப்பியது என்று வானொலியில் சொல்லவேண்டும். குண்டு வீசியவர்கள் திரும்பிய பின்பும் நின்று சேதத்தைப் படம் எடுக்கவேண்டும். எதிரியின் விமானங்கள் முழுவதுமாக மேலேறிவிட்ட அந்த நேரத்தில் அவருடன் நின்றவை சில கோர்செயார்கள் மட்டுமே.

24ஆம் திகதி பிளாஜோ. எதிர்பாராத விதமாக ஆலையைச் சுற்றித் தடுப்பு பலூன்கள் உயர்ந்திருந்தன. அவற்றின் கம்பிகளுக்கு ஊடாகவே அவெஞ்சர் குண்டுவீச்சு விமானங்கள் பாய்ந்தன. 29ஆம் திகதி சுங்கை கெரோங். இம்முறை இரண்டு அவெஞ்சர்கள் பலூன் கம்பிகளில் மோதி விழுந்தன. படம் எடுக்க நின்ற ஹேயை ஜப்பானிய விமானங்கள் சூழ்ந்தபோது அவர் கமெராவை விட்டுத் துப்பாக்கிக்கு மாறவேண்டியிருந்தது. பாலெம்பாங் வானத்தில் வீழ்ந்த எதிரி விமானங்களில் அவருடைய பங்கும் உண்டு. இரு ஆலைகளின் உற்பத்தியும் கடுமையாகச் சரிந்தது. ஹேக்குச் சிறப்புச் சேவை விருதான டி.எஸ்.ஓ. கிடைத்தது.

இரண்டு தாக்குதல்களிலுமாக இழந்தவை 41 விமானங்கள். அவற்றில் சண்டையில் வீழ்ந்தவை 16 மட்டுமே. மற்றவை கடலில் இறங்கியும், கப்பலின் மேல்தளத்தில் மோதியும் போனவை. கரைத் தளங்களில் இறங்கும் பயிற்சியை ஏன் அவ்வளவு வருத்தி வாங்கினார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். திரும்பி வராதவர்களில் ஒன்பது பேர் ஜப்பானியரிடம் உயிரோடு பிடிபட்டார்கள். சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்கள் 1945 ஆகஸ்டில், போர் முடிந்த அந்த நாட்களில், கொல்லப்பட்டார்கள். மீட்புக்கப்பல் வர இன்னும் சில வாரங்களே இருந்தன. இலங்கைத் தளங்களில் பயின்ற கப்பற்படையின் இளைஞர்கள் அவர்கள். இந்தத் தீவின் போர்க்கால வரலாற்றை எழுதும் எவரும் அந்த ஒன்பது பேரைத் தவறவிடக்கூடாது.

ஹே அதன் பின் விக்ரோரியஸுடன் பசிபிக்குப் போய் ஒக்கினாவாச் சண்டையிலும் அணியை நடத்தினார். மே 9 அன்று தற்கொலைத் தாக்குதல் விமானங்கள் அந்தக் கப்பலில் மோதின. மேல்தளத்தின் இரும்புக் கவசம் தாங்கிக்கொண்டதால் அது விரைவிலேயே மீண்டும் இயங்கியது. போருக்குப் பிறகு மரீன் படையிலிருந்து கடற்படைக்கு மாறிய ஹே, கொமாண்டராக ஓய்வு பெற்று 2001இல் காலமானார். பாலாவி ஓடுபாதை இப்போது இலங்கை விமானப்படையிடம் இருக்கிறது.