முதல் கிரெடிட் கார்டும் மளிகைக்கடை பற்று நோட்டும்

தங்கை மகன் கோவையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் போன் பண்ணினான். "மாமா, பேங்க்லேர்ந்து கிரெடிட் கார்டு தர்றோம்னு தினமும் கூப்பிடறாங்க. வாங்கலாமா? அப்பா அந்தப் பக்கமே போகாதேங்கறார். ஆஃபீஸ்ல கார்டு இல்லேன்னா நாளைக்கு வீட்டுக் கடன் கிடைக்காதுங்கறாங்க." ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. போனில் சொன்னால் மறந்துவிடுவான் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே பல விஷயம் அரைகுறையாகத் தெரியும் என்று புரிந்தது. படித்துச் சேர்த்ததையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே வைக்கிறேன்.

எங்கள் ஊர் மளிகைக்கடையில் ஒரு நீள நோட்டு உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். மாதம் பூராவும் பற்று, சம்பளம் வந்ததும் வரவு. ஒழுங்காகக் கட்டுகிறவரை "நாணயமானவர்" என்பார்கள். அந்த நாணயம் அந்தக் கடையோடு சரி; பக்கத்து ஊர்க் கடைக்காரருக்கு அது தெரியாது. கிரெடிட் ஸ்கோர் என்பது இந்தப் பற்று நோட்டை எல்லாக் கடைக்காரரும் படிக்கும்படி செய்ததுதான். இந்தியாவில் இந்த வேலையைச் செய்ய 2000ல் சிபில் தொடங்கப்பட்டது. 2005ல் இதற்கென்று தனிச்சட்டம் வந்தது. இன்றைக்கு சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நாலு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்குகின்றன. மதிப்பெண் 300லிருந்து 900 வரை. நாலும் தனித்தனி கம்பெனி, தனித்தனி கணக்கு முறை. அதனால் நாலு இடத்திலும் ஒரே எண் வராது. அதைப் பார்த்துப் பதறவேண்டியதில்லை.

இந்த நோட்டில் எது ஏறும், எது ஏறாது என்பதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் சம்பளம் ஏறாது. சேமிப்புக் கணக்கில் எத்தனை லட்சம் கிடந்தாலும் ஏறாது. வருஷக்கணக்காக வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்தது, சீட்டுக் கட்டியது, அடகுக்கடையில் நகையை வைத்து மீட்டது, எதுவும் ஏறாது. (வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்த நகைக்கடன் ஏறும்.) வங்கியிடமும் நிதி நிறுவனத்திடமும் கடன் வாங்கியிருக்க வேண்டும், திருப்பியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கடனே வாங்காத மனிதர் சிபிலில் -1. பூஜ்யம்கூட இல்லை, மைனஸ் ஒன்று! கெட்டவர் என்று அர்த்தமில்லை, இவரைப் பற்றி நோட்டில் பக்கமே இல்லை என்று அர்த்தம். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதல்முறை கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று 2025 ஜனவரியில் வந்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனாலும் பக்கம் நிறைந்த நோட்டோடு போகிறவருக்கும் வெறும் நோட்டோடு போகிறவருக்கும் வங்கியில் கிடைக்கும் வரவேற்பு ஒன்றல்ல. முதல் கார்டின் உண்மையான பயன் இதுதான். கேஷ்பேக்கும் விமான நிலைய ஓய்வறையும் அப்புறம்.

இப்போது என் கதை. 2013ல் ஆபீஸ் வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். "சார், டார்கெட் சார், ஒரு கையெழுத்து" என்றான். பாவம் என்று போட்டேன். கார்டு வந்தது, கவரைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்தேன். மறு வருஷம் வீடு மாறினேன், போன் நம்பரும் மாறியது. 2017ல் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கடனுக்குப் போனால், அந்த அதிகாரி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். பயன்படுத்தாத அந்தக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய், அதைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம், இரண்டுக்கும் வட்டி, எல்லாவற்றுக்கும் வரி என்று 14,000 சொச்சம் நிலுவை. மாதாமாதம் கட்டவில்லை என்ற குறிப்பு வரிசையாக நின்றது.

கார்டு கொடுத்த வங்கிக்குப் போன் பண்ணினால், "5,000 கட்டிடுங்க சார், செட்டில் பண்ணிடலாம்" என்றார்கள். நல்ல வேளை, கடன் அதிகாரி முன்னாடியே எச்சரித்திருந்தார். செட்டில் பண்ணினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்றே பதிவாகும். இவர் முழுசாகக் கட்டவில்லை, நாங்கள் பாதியில் விட்டுக்கொடுத்தோம் என்று அதற்குப் பொருள். அடுத்து கடன் தர வருகிற எல்லோர் கண்ணிலும் அது படும். மனசு கொதித்தாலும் முழுத்தொகையும் கட்டி, நிலுவை இல்லை என்று கடிதம் வாங்கினேன். அறிக்கையில் கணக்கு முடிந்தது என்று ஏற நாளாயிற்று. அதற்குள் வீட்டுக்காரர் வேறொருவருக்குக் கிரையம் பண்ணிக் கொடுத்துவிட்டார். அந்தத் தெரு வழியாகப் போகும்போது இன்னும் அந்த பால்கனியை அண்ணாந்து பார்ப்பேன்.

இன்றைக்கு இதே மாதிரி நடப்பது கொஞ்சம் கஷ்டம். ரிசர்வ் வங்கி 2022ல் கார்டுகளுக்கென்று ஒரு முழு விதித்தொகுப்பு போட்டது. கார்டு கொடுத்து 30 நாளில் நீங்கள் அதை இயக்கவில்லை என்றால், ஓடிபி மூலம் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் வரவில்லையென்றால் செலவு எதுவும் வாங்காமல் கணக்கை மூட வேண்டும். நீங்களாக மூடச் சொன்னால், பாக்கி இல்லாத பட்சத்தில் 7 வேலை நாளுக்குள் மூடவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். கேட்காமலே கார்டு அனுப்புவதும் கூடாது. இருந்தாலும் விண்ணப்பத்தில் "வாழ்நாள் இலவசம்" என்று இருக்கிறதா, "முதல் வருஷம் இலவசம்" என்று இருக்கிறதா என்று படியுங்கள். ரெண்டும் ஒன்றில்லை.

சரி, கார்டு வந்தாச்சு. இரண்டு தேதிகள் முக்கியம். பில் போடும் தேதி ஒன்று, கட்டவேண்டிய கடைசித் தேதி ஒன்று. பில் 5ஆம் தேதி, கெடு 25ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 6ஆம் தேதி வாங்கிய பொருளுக்கு ஜூலை 25 வரை, அதாவது கிட்டத்தட்ட 50 நாள் வட்டியில்லாக் கடன். ஜூலை 4ஆம் தேதி வாங்கியதற்கு 21 நாள்தான். இதில் தந்திரம் ஒன்றுமில்லை. முழுத்தொகையைக் கெடுவுக்குள் கட்டுகிறவரை வங்கிக்கு நம்மிடமிருந்து வட்டியாக ஒரு பைசா கிடைக்காது.

பில்லில் இரண்டு தொகை அச்சாகியிருக்கும்: மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை. ஆபத்து இந்த இரண்டாவதில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூன் 10ஆம் தேதி 20,000 ரூபாய்க்கு ஒரு போன். ஜூலை 25 அன்று குறைந்தபட்சம் 1,000 கட்டியாகிவிட்டது. மீதி 19,000. மாத வட்டி 3.5 சதவீதம், வருஷத்துக்கு 42. நம்ம பையன் என்ன நினைப்பான்? கெடு தாண்டின நாளிலிருந்து அடுத்த பில் வரை 12 நாள், வட்டி 260 ரூபாய் போல வரும் என்று நினைப்பான். அப்படி இல்லை. வட்டியில்லாச் சலுகை போய்விட்டால் போன் வாங்கின ஜூன் 10ஆம் தேதியிலிருந்தே வட்டி ஓடும். ஆகஸ்ட் 5 வரை 57 நாள். 19,000க்கு வட்டி சுமார் 1,246. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 224. ஆக ஆகஸ்ட் பில்லில் பாக்கி 20,470 ரூபாய். ஆயிரம் கட்டிய பிறகு கடன் 470 கூடியிருக்கிறது! அடுத்த பில்லின் குறைந்தபட்சத் தொகையில் வட்டியும் வரியும் சேர்ந்துவரும் என்பதால் கடன் முடிவில்லாமல் ஏறாது. ஆனால் இறங்கவும் வருஷங்கள் ஆகும். இன்னொன்று, பாக்கி தீரும்வரை புதுசாக வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி. பெட்ரோல் போட்டாலும் சரி, காய்கறி வாங்கினாலும் சரி.

இந்த வட்டிக்கு ஒரு காலத்தில் மேல்வரம்பு வைக்கப் பார்த்தார்கள். 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று இருக்க வேண்டாம். கார்டு வந்த அன்றைக்கே சம்பளக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு பண்ணிவிடுவது நல்லது. அந்தப் படிவத்திலும் 'மொத்தத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு கட்டம் இருக்கும். தவறான கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, ஆட்டோ பே இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். கெடு தாண்டி மூன்று நாளுக்குப் பிறகுதான் தாமதம் என்று சிபிலுக்குச் சொல்லலாம், அபராதமும் போடலாம் என்று விதி இருக்கிறது. அது சர்வர் படுத்த நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது.

சிலர் "கொஞ்சம் பாக்கி வச்சாதான் ஸ்கோர் ஏறும்" என்கிறார்கள். எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை, சுத்தப் பொய். முழுசாகக் கட்டினாலும் கார்டைப் பயன்படுத்தியது அறிக்கையில் ஏறத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு பயன்படுத்தினோம் என்பது கணக்கில் வரும். 30,000 லிமிட்டில் 24,000 செலவு என்றால் 80 சதவீதம். இவர் கார்டை நம்பியே வாழ்கிறார் என்று படிக்கப்படும். 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான அறிவுரை. அது சட்டமில்லை, ஒரு கைக்கணக்குதான். பெரிய செலவு வந்தே தீரும் என்றால் பில் போடும் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். வங்கிகள் 2025 ஜனவரியிலிருந்து மாதம் இரண்டு முறை தகவல் அனுப்பத் தொடங்கின. அதனால் நல்லதும் கெட்டதும் முன்பைவிடச் சீக்கிரம் தெரியும்.

ரூபே கார்டை யூபிஐயில் இணைத்து டீக்கடையில் ஸ்கேன் பண்ணுகிற வசதி 2022ல் வந்தது. வசதிதான், ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பேன். 15 ரூபாயும் 40 ரூபாயுமாகப் போவது செலவு மாதிரியே தெரியாது. மாதக் கடைசியில் நாலு பக்கத்துக்குப் பில் வரும். போன் ரீசார்ஜ், கரண்ட் பில், மாத மளிகை என்று எப்படியும் ஆகிற செலவு இரண்டு மூன்றை மட்டும் கார்டில் போட்டாலே போதும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது. எடுக்கும்போதே கட்டணம், எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அடுத்தடுத்து நாலு வங்கியில் போட வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகி, பணத்துக்கு அலைகிறார் என்று காட்டும். அதைவிட 20,000 ரூபாயோ 25,000 ரூபாயோ வைப்புநிதி போட்டு அதன்பேரில் கார்டு கேட்பது நல்ல வழி. நிதித் தொகையில் பெரும்பகுதியை லிமிட்டாகத் தருவார்கள், நிதிக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். சம்பளச் சான்று காட்ட முடியாத இல்லத்தரசிகளுக்கும் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் இதுவே சுலபம். கடனில் ஒரு முறை விழுந்து எழுந்தவருக்கும் இதைத்தான் சொல்வேன், கை மீறிச் செலவு பண்ண இடமில்லை. மச்சான் பயப்படுவது மாதிரியே கார்டு சிலருக்கு ஒத்துவராதுதான். சம்பளம் வந்த பத்தாம் நாள் கை காய்கிறதென்றால் இப்போதைக்கு வேண்டாம். -1 ஆக இருப்பதில் அவமானம் எதுவுமில்லை.

ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாக வாங்கலாம். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. எண்ணைப் பார்த்து மூடிவிடாமல் கீழே கணக்குப் பட்டியல் வரை படிக்கவேண்டும். நாம் வாங்காத கடன், பழைய விலாசம், மூடியும் மூடாமல் கிடக்கும் கார்டு எல்லாம் அங்கேதான் தெரியும். தப்பு இருந்தால் அந்த நிறுவனத்திடமே புகார் போடலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

தங்கை மகனிடம் முதலில் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கார்டே இல்லாதவனுக்கு அதில் ஏற்கெனவே ஒரு கடன் இருந்தது. காலேஜ் படிக்கும்போது ஷாப்பிங் ஆப்பில் 'பிறகு கட்டுங்கள்' என்று பட்டனை அழுத்தி வாங்கிய ஹெட்போன். கட்டிவிட்டானாம், இரண்டு நாள் தாமதமாக.