முதல் வீட்டின் ஆபத்தை யார் ஏற்பது?

நம்மில் பெரும்பாலான குடும்பங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு வீடுதான் கட்டுகின்றன. நகையை அடகு வைத்து, இருபது ஆண்டுக் கடன் வாங்கிக் கட்டும் அந்த வீட்டில் புது முயற்சிக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. மேஸ்திரிக்குப் பழகிய செங்கல், சிமென்ட், சென்ட்ரிங் போதும் என்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கைபேசி பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். சுவரில் வெடிப்பு விட்டால் குடும்பம் எங்கே போகும்? கடன் கொடுக்கும் வங்கிக்கும், வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரிக்கும் இதே தயக்கம் உண்டு. ஆகவே வீடு கட்டும் துறையில் புதிய எண்ணங்களுக்குப் பஞ்சமில்லை. புதிய முறையில் கட்டும் முதல் வீட்டின் ஆபத்தைத் தோளில் ஏற்கத்தான் ஆளில்லை. அரசு நிதிக்கு இத்துறையில் உள்ள உண்மையான வேலை இதுவே. அரசு தரும் பணத்தை ஒரு நிரூபணத்துக்கான விலையாகக் கருதி விண்ணப்பித்தால்தான் தொழில்முனைவோருக்கும் பயன், பொதுமக்களுக்கும் பயன்.

இந்தியாவில் இதற்கான வாசல்கள் சில ஆண்டுகளாகத் திறந்திருக்கின்றன. 2019 ஜனவரியில் ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் உலகளாவிய வீட்டுவசதித் தொழில்நுட்பச் சவாலை அறிவித்தது. ஏற்கெனவே தேறிய 54 தொழில்நுட்பங்கள் அதில் தேர்வாயின. இன்னும் தேறாத, ஆனால் வளரக்கூடிய எண்ணங்களுக்காக ‘ஆஷா-இந்தியா’ என்ற தனிப் பிரிவு அமைந்தது, சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஐந்து நிறுவனங்களில் அதற்கான வளர்ப்பு மையங்கள் ஏற்பட்டன. எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக, 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம், முன்மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் ரூபாய் வரை மானியமாகவும், சந்தைக்குக் கொண்டுசெல்ல 50 லட்சம் ரூபாய் வரை கடனாகவோ கடன் பத்திரமாகவோ வழங்க வகை செய்தது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு ‘டான்சீட்’ திட்டத்தில் 10 லட்சம் ரூபாயும், பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம், பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு 15 லட்சம் ரூபாய் வரையும் ஆதாரநிதியாகத் தந்துவருகிறது. விண்ணப்பத்துக்கான காலமும் தொகையும் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடும் என்பதால், நடப்பு அறிவிப்பை அந்தந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்திட்டங்களின் விதிகளைக் கவனித்தால், அரசு எதை எதிர்பார்க்கிறது என்பது புரியும். விதை நிதித் திட்டத்தின் மானியம் ஒரே தொகையாக வருவதில்லை. ஒப்புக்கொண்ட இலக்கை எட்டினால்தான் அடுத்த தவணை. கட்டடமோ அலுவலக வசதியோ ஏற்படுத்திக்கொள்ள அந்தப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது. அப்படியிருக்க, ‘நாட்டில் கோடிக்கணக்கான வீடுகள் தேவை, எங்கள் முறை புரட்சி செய்யும்’ என்று பக்கம் பக்கமாக எழுதும் விண்ணப்பம் தேர்வுக் குழுவுக்கு ஒன்றும் சொல்வதில்லை. இந்தச் சுவர்ப் பலகை எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும், இரண்டு பலகைகள் சேரும் இணைப்பில் மழைநீர் இறங்குமா, மே மாத வெயிலில் அறைக்குள் எவ்வளவு சூடு என்ற கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சோதனை, எந்த ஆய்வகம், எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்று சொல்லும் விண்ணப்பமே வலுவானது. சதுர அடி விலையைச் சொல்லும்போது கிரேன் வாடகை, லாரிக் கூலி, பயிற்சிச் செலவு எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் மலிவாகத் தெரியும் பலகை, நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கும்போது மலிவாக இருக்குமா என்பதை விண்ணப்பதாரரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. புதிய கட்டுமான முறைகளை ஆராய்ந்து செயல்திறன் மதிப்பீட்டுச் சான்றிதழ் வழங்க, கட்டுமானப் பொருட்கள் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டு மன்றம் இருக்கிறது. நிதி கிடைத்தபின் அந்தச் சான்றிதழை நோக்கி எப்படிப் போவோம் என்பதைத் திட்ட அறிக்கையின் முதுகெலும்பாக வைக்கலாம்.

சோதனையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில், திறந்து இரண்டே மாதமான ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18-ஆம் தளத்துச் சமையலறையில் எரிவாயு வெடித்தது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய கட்டடம் அது. ஒரு சுவர் வெளியே தள்ளப்பட்டதும் கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். போருக்குப் பிந்தைய வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்க அரசே ஊக்குவித்த கட்டுமான முறை அது. வேகத்துக்குப் பணம் கொடுத்தார்கள். இணைப்புகளின் வலிமைக்குப் போதிய நிரூபணம் கேட்கவில்லை. அதன்பின் பிரிட்டனின் கட்டட விதிகள் மாறின, ஆனால் அந்த முறையின்மேல் மக்களுக்கிருந்த நம்பிக்கை போனது போனதுதான்.

நிரூபணம் கிடைத்தாலும் அதோடு வேலை முடிவதில்லை. முதலில் வாங்குபவர் ஒருவர் வேண்டும். சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் 116 கோடி ரூபாய் செலவில் எழுந்த 1,152 வீடுகளுக்கு 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2022 மே மாதம் திறந்தார்கள். அரசே வாங்கியதால்தான் அந்த அளவில் கட்ட முடிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் 2021-இல் அங்கே முப்பரிமாண அச்சு முறையில் சுமார் 600 சதுர அடி வீட்டைக் கட்டிக்காட்டியது. 2023-இல் பெங்களூருவில் எல் அண்ட் டி நிறுவனம் அதே வகை முறையில், சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்ப வழிகாட்டுதலுடன், அஞ்சல் துறைக்கு ஓர் அஞ்சலகமே கட்டித் தந்தது. சாம்பல் செங்கலின் கதை இன்னும் தெளிவானது. நிலக்கரி மின் நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் சூளைகள் உலர்சாம்பலைக் கலந்தே ஆக வேண்டும் என்று 1999-இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆணையிட்டது. அந்தத் தூரம் பிறகு படிப்படியாக விரிந்தது. இன்று ஊர்தோறும் சாம்பல் செங்கல் கிடைப்பதில் அந்த ஆணைக்குப் பெரும் பங்கு உண்டு. 2024-இல் ஒப்புதல் பெற்ற பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டமும், கூட்டு முயற்சியில் கட்டும் மலிவு விலைக் குடியிருப்புகளில் புதிய தொழில்நுட்பம் பயன்பட்டால் சதுர மீட்டருக்கு 1,000 ரூபாய் கூடுதல் மானியம் தருகிறது. ஆய்வகத்தோடு நிற்காமல் கட்டி முடிக்கும் வீட்டோடு மானியத்தை இணைத்தது நல்ல திருப்பம்.

தனியார் நிறுவனங்களுக்குத் தரும் பணத்தில் ஏழைகளுக்கு நேரடியாக வீடு கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 20 லட்சம் ரூபாயில் நேரடியாகக் கட்டக்கூடியவை சில வீடுகளே. அதே பணம் ஒரு கட்டுமான முறை தேறும் அல்லது தேறாது என்று ஐயமறக் காட்டிவிட்டால், பின்னால் கட்டப்போகும் ஆயிரம் வீடுகளுக்கு அது வழிகாட்டும். தேறாத முறையைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வதும் பொதுப்பணத்துக்குச் சேமிப்புதான். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மக்கள் பணத்தில் நடந்த சோதனையின் முடிவுகள், தோல்விகள் உட்பட, மக்களுக்குத் தெரிய வேண்டும். இந்த நிபந்தனையை அரசு எல்லா மானியத்திலும் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இயந்திரமும் பலகையும் வந்தால் கொத்தனாரும் சித்தாளும் என்ன ஆவார்கள் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். வேளாண்மைக்கு அடுத்தபடியாக ஏராளமான ஏழைத் தொழிலாளர்களுக்குச் சோறு போடும் துறை இது. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இன்றைய வேலையின் நிலையையும் பார்க்க வேண்டும். வெயிலில் கல் சுமந்து, சாரத்தில் தொங்கி, பாதுகாப்பின்றிச் செய்யும் வேலை அது. கூரைக்குக் கீழே, முறையான ஊதியத்தில், கற்ற தொழிலாக அது மாறுமானால் தொழிலாளிக்கு நன்மையே. அந்த மாற்றம் தானாக வராது. எத்தனை உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு, குறிப்பாக எத்தனை பெண்களுக்கு, எந்தப் பயிற்சி தரப்போகிறோம் என்பதை விண்ணப்பத்தில் கட்டாயக் கேள்வியாக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் என்ற அச்சமும் உண்டு. ஆயிரம் வீட்டு ஒப்பந்தம் சிறு நிறுவனத்துக்குக் கிடைக்காதுதான். பள்ளிக்கூடக் கழிப்பறை, அங்கன்வாடி, துணைச் சுகாதார நிலையம் போன்ற சிறு கட்டடங்களில் ஒரு பங்கைச் சான்றிதழ் பெற்ற புதிய முறைகளுக்கென ஒதுக்கினால் இந்த அச்சம் தீரும். சிறு நிறுவனத்துக்கு முதல் வாடிக்கையாளராக ஓர் ஊராட்சி ஒன்றியம் போதும்.

புதிய முறையில் வீடு கட்ட முனைவோர், விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எவ்வளவு பணம் வேண்டும் என்று எழுதுவதற்கு முன், எதை நிரூபிக்கப் போகிறோம் என்று எழுதட்டும். அதை நிரூபித்துக் காட்டியவரிடமிருந்து முதல் கட்டடத்தை அரசு வாங்கட்டும். இந்த இரண்டும் நடந்தால், கடன் வாங்கி வீடு கட்டும் சாதாரணக் குடும்பம் புதிய முறையை அச்சமின்றித் தேர்ந்தெடுக்கும்.