செய்தி சேகரிக்கச் சுற்றுலா விசா செல்லாது

அமெரிக்க அதிபர் தேர்தலானாலும் சரி, புயல் சேதமானாலும் சரி, செய்தி சேகரிக்க அங்கே போகும் வெளிநாட்டு நிருபருக்கென்றே தனி விசா இருக்கிறது. அதுதான் 'ஐ' விசா. கையில் பத்தாண்டு சுற்றுலா விசா இருந்தாலும் இந்த வேலைக்கு அது செல்லாது. விசா இல்லாமலே 90 நாள் தங்கும் சலுகை உள்ள பிரிட்டன், ஜப்பான் நாட்டவருக்கும் இதே விதிதான்.

2004 மே மாதம் பிரிட்டன் எழுத்தாளர் எலெனா லாப்பின், 'கார்டியன்' நாளிதழுக்குக் கட்டுரை எழுத வந்திருப்பதாக லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் உள்ளபடி சொன்னார். 'ஐ' விசா இல்லை. கைவிலங்கு பூட்டி, இரவு முழுக்கக் காவலில் வைத்து, லண்டனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

யாருக்குக் கிடைக்கும்?

நிருபர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் போன்றோருக்குக் கிடைக்கும். ஆனால், ஊடக நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவுக்கு வெளியே இருக்க வேண்டும். செய்தி, ஆவணப்படம் என்றால் சரி. சினிமா, விளம்பரப் படம், ரியாலிட்டி ஷோ என்றால் வேறு வேலை விசா எடுக்க வேண்டும். ஃப்ரீலான்சர்கள் ஊடக நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். விடுமுறைக்கோ, மாநாட்டில் பங்கேற்கவோ போகும் பத்திரிகையாளருக்குச் சாதாரண வருகையாளர் விசாவான 'பி' விசா போதும். அதே மாநாட்டைப் பற்றிச் செய்தி எழுதுவதென்றால் 'ஐ' விசா வேண்டும்.

எப்படி விண்ணப்பிப்பது?

டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 டாலர் கட்டி, துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போக வேண்டும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. பதவி, பயண நோக்கம், தங்கும் காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிறுவனம் தரும் கடிதம் முக்கியம். மனைவி அல்லது கணவர், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உடன் செல்லலாம். படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது.

எவ்வளவு நாள் தங்கலாம்?

அந்த ஊடகத்துக்கு வேலை பார்க்கும் வரை தங்கலாம் என்பதே நெடுநாள் வழக்கம். சீனப் பத்திரிகையாளர்களுக்கு மட்டும் 2020 மே மாதம் இது 90 நாளாகக் குறைக்கப்பட்டது. மற்ற நாட்டவருக்கும் 240 நாள் உச்சவரம்பு வைக்க 2025 ஆகஸ்டில் அரசு முன்மொழிந்தது. ஆகவே, விண்ணப்பிக்கும் முன் தூதரக இணையதளத்தில் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். போகும் வேலை எதுவோ, அதையே படிவத்திலும் எழுதுங்கள்.