பாப்பரசர்களின் புகைவண்டி

உலகில் பெயர்பெற்ற புகைவண்டிகள் பல உண்டு. பனிமலைகளைக் குடைந்து செல்பவை உண்டு; பரந்த சமவெளிகளில் நாட்கணக்காக ஓடுபவை உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் வத்திக்கான் நாட்டின் இருப்புப்பாதை ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். மதிலுக்குள் அதன் நீளம் சுமார் 300 மீட்டர். வெளியே புனித இராயப்பர் பெயர் தாங்கிய உரோமை நிலையம் வரை சேர்த்து அளந்தாலும் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர்தான். அந்நாட்டுக்குச் சொந்தமாக ஓர் எஞ்சினும் இல்லை. இத்தாலிய இரயில்வேயின் வண்டிகளே வந்து போகின்றன. எனினும் இச்சிறு பாதையின் வரலாறு, திருச்சபையின் அண்மைக்கால வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. ஆதலின் அதனை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம்.

ஐயமும் ஆர்வமும்

1831 முதல் 1846 வரை பாப்பரசராயிருந்த பதினாறாம் கிரகோரியார் இருப்புப்பாதையை விரும்பவில்லை. தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் அதற்கு இடமளிக்கவும் இல்லை. பிரெஞ்சு மொழியில் "இரும்புப் பாதை" என்னும் சொல்லைச் சற்றே திரித்து, அதனை "நரகப் பாதை" என்று அவர் சிலேடையாக அழைத்ததாகக் கூறுவர். அவருக்குப்பின் வந்த ஒன்பதாம் பத்திநாதரோ புதுமையை வரவேற்றார். 1856இல் உரோமைக்கும் பிரஸ்காத்திக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. இரயில் நிறுவனங்கள் அவருக்கென்றே மூன்று பெட்டிகளைச் செய்து காணிக்கையாக்கின. ஒன்றில் அரியணை அறை, மற்றொன்றில் சிற்றாலயம், மூன்றாவதில் மக்களுக்கு ஆசீர் அளிக்கத் திறந்த மேடை. 1859இல் பாப்பரசர் இவற்றில் பயணம் செய்தார். இன்றும் அப்பெட்டிகளை உரோமையிலுள்ள மோந்தெமார்த்தினி அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஆனால் அப்பயணங்கள் நெடுநாள் நீடிக்கவில்லை. 1870 செப்டம்பர் 20ஆம் நாள் இத்தாலியப் படைகள் உரோமையைக் கைப்பற்றின. பாப்பரசர் வத்திக்கானுக்குள் ஒதுங்கினார். பதின்மூன்றாம் சிங்கராயரும், பத்தாம் பத்திநாதரும், பதினைந்தாம் ஆசீர்வாதப்பரும் தம் ஆட்சிக்காலம் முழுவதும் அவ்வெல்லையைத் தாண்டவில்லை. "வத்திக்கானின் கைதி" என்றே உலகம் அவர்களைக் குறித்துப் பேசிற்று.

மதிலில் ஒரு வாயில்

இந்நிலைக்கு 59 ஆண்டுகளுக்குப்பின் முடிவு வந்தது. 1929 பெப்ருவரி 11ஆம் நாள் கையெழுத்தான இலாத்தரன் உடன்படிக்கையின்படி, வத்திக்கான் தனிநாடாயிற்று. அதனைத் தன் இருப்புப்பாதைகளோடு இணைத்துத் தர இத்தாலிய அரசு இசைந்தது. ஜுசெப்பே மோமோ என்னும் கட்டடக் கலைஞர் அழகியதொரு நிலையத்தை அமைத்தார். பழைய மதில் உடைக்கப்பட்டுச் சுமார் 35 டன் எடையுள்ள இரும்புக் கதவு பொருத்தப்பட்டது. வண்டி வரும்போது அது நகர்ந்து சுவருக்குள் மறையும். 1934இல் பாதை முறைப்படி திறக்கப்பட்டது.

பாதை திறந்தது, கதவும் திறந்தது. ஆனால் பாப்பரசர் எவரும் ஏறவில்லை! பல ஆண்டுகள் அவ்வழியே வந்துபோனவை பெரும்பாலும் சரக்கு வண்டிகளே.

காப்பாற்றப்பட்ட வாக்கு

முதன்முதலாக அவ்வாயில் வழியே புகைவண்டியில் புறப்பட்ட பாப்பரசர் உயிரோடு இல்லாதவர் என்றால் வியப்பாயிருக்கும். 1903இல் வெனிஸ் மறைமாநிலத்தில் பிதாப்பிதா என்னும் பட்டத்தோடு விளங்கியவர் கர்தினால் ஜுசெப்பே சார்த்தோ. புதிய பாப்பரசரைத் தேர்ந்தெடுக்க உரோமைக்குப் புறப்பட்டபோது, அவர் சென்று திரும்புவதற்கான பயணச்சீட்டையே வாங்கினார். "உயிரோடாயினும் உயிரற்றாயினும் திரும்பி வருவேன்" என்று மக்களுக்கு வாக்களித்ததாகச் சொல்வர். ஆனால் கர்தினால்மார் அவரையே தேர்ந்தெடுத்தனர். அவர்தாம் பத்தாம் பத்திநாதர். நம் சிறுவர் சிறுமியர் இளம் வயதிலேயே நற்கருணை வாங்க 1910இல் வழிதிறந்த அதே புனிதர். 1914இல் அவர் இறந்தார். வெனிஸ் நகரை மீண்டும் காணவில்லை.

1958இல் பாப்பரசரான 23ஆம் அருளப்பரும் வெனிஸின் பிதாப்பிதாவாயிருந்தவரே. தம் முன்னோர் கொடுத்த வாக்கை அவர் மறக்கவில்லை. 1959 ஏப்ரலில் புனிதரின் உடல் வத்திக்கான் நிலையத்திலிருந்து புகைவண்டியில் வெனிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஏறக்குறைய ஒரு மாதம் மக்கள் திரண்டு வணங்கியபின் உரோமைக்குத் திரும்பியது. 56 ஆண்டுகளுக்குப்பின் வாக்கு நிறைவேறிற்று.

1962 அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ்குவின் திருநாள். அன்று 23ஆம் அருளப்பர் தாமே வண்டியேறினார். வத்திக்கான் பொதுச்சங்கம் தொடங்க இன்னும் ஒரு வாரமே இருந்தது. அம்மாபெரும் பணியைத் தேவமாதாவிடம் ஒப்படைக்க, நாசரேத்தூர்த் திருவீடு இருப்பதாகப் போற்றப்படும் லொரேத்தோவுக்கும், அங்கிருந்து அசிசிக்கும் சென்றார். வழிநெடுக நிலையங்களில் மக்கள் கூடிநிற்க, எண்பது வயதான அம்முதியவர் பெட்டியின் சன்னலருகே நின்று ஆசீர்வதித்தார். 1870க்குப்பின் உரோமையைவிட்டு அவ்வளவு தொலைவு சென்ற பாப்பரசர் அவருக்கு முன் எவருமில்லை.

பின்னர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1979இல் இரயில்வேத் தொழிலாளரைச் சந்திக்க அந்நிலையத்திலிருந்தே புறப்பட்டார். 2002 ஜனவரி 24ஆம் நாள் யூதர், இஸ்லாமியர், பௌத்தர் முதலிய பல சமயத் தலைவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு, உலக அமைதிக்காகச் செபிக்க அசிசிக்குச் சென்றார். பதினாறாம் ஆசீர்வாதப்பரும் 2011இல் அவ்வாறே செய்தார். பாப்பரசர் பிரான்சிஸின் காலத்தில், 2013 முதல், துன்புறும் குழந்தைகளை ஏற்றிய வண்டிகள் அந்நிலையத்துக்கு வந்தன. 2015இல் வந்தவர்கள் சிறையிலுள்ளோரின் பிள்ளைகள். அரசர்க்குரிய அரியணைப் பெட்டியோடு தொடங்கிய வரலாறு, யாரும் வரவேற்காத பிள்ளைகளை வரவேற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

நம் வீட்டு வாயில்

அன்பார்ந்த குடும்பத்தினரே, கதவு செய்து வைப்பது எளிது; அதன் வழியே ஒருவர் புறப்பட்டுச் செல்வதே அரிது. வத்திக்கானில் வாயில் திறந்தபின்னும், உயிரோடு ஒரு பாப்பரசர் அவ்வழியே வண்டியேற 28 ஆண்டுகள் ஆயின. நம் பங்குகளிலோ, அடுத்த தெருவிலிருக்கும் அண்ணன் வீட்டுப் படியை மிதியாமல் பத்தாண்டு கழித்தவர்கள் உண்டு. நிலத்தகராறு தீர்ந்திருக்கும், நீதிமன்றத் தீர்ப்பும் வந்திருக்கும், ஆனால் முதலில் போவது யார் என்பது மட்டும் தீராது. சுருக்கமான தொலைவே பல வேளைகளில் கடப்பதற்குக் கடினமானது. எண்பது வயதில் அருளப்பர் புறப்பட்டார். நாமும் இம்மாத ஞாயிறு ஒன்றில் பூசை முடிந்ததும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி ஏறி வருவோமாக.